புகாரை முடித்துவைப்பது யார்?



சிங்கம்புணரியில் மேடை ஏறுகிறவர்கள் பாரியையும் பறம்பையும் தொடாமல் இறங்குவதில்லை. அந்தப் பறம்பாகிய பிரான்மலை அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது. என்னை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வருவாய்த் துறையில் மனு வாங்கியே தலை நரைத்தவன் நான். எனக்குப் பழக்கமான இலக்கியம் மனு இலக்கியம்தான். இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையார் தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டதால், கைபேசிக்குள்ளேயே கடை விரித்திருக்கும் கம்பெனிகள் மீது ஒரு சாதாரண மனிதர் புகார் கொடுத்தால் அது எங்கே போகிறது, அரசு அதிகாரியால் அதில் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

இந்த ஊர்க் கடைவீதியில் வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்றால் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கடைக்காரர் மேசைமேல் வைத்துவிடலாம். வியாபார நேரம், நாலு பேர் நிற்பார்கள். அவர் முகம் சுளித்தாலும் மாற்றித் தருவார், அல்லது மெக்கானிக்கிடம் அனுப்புவார். செயலிக் கம்பெனிக்கு மேசை கிடையாது. அரட்டைப் பெட்டி திறக்கும். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு வரி வரும். ஒரு டிக்கெட் எண் தருவார்கள். இரண்டு நாள் கழித்து, தூங்கப் போகிற நேரத்தில், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியும். பணம் வந்திருக்காது. மறுபடி எழுதினால் அந்த எண் முடிந்துவிட்டது, புது எண் போடுங்கள் என்பார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது தாமதம் அல்ல. தாமதத்தைப் பற்றிப் பேச அரசு அலுவலகத்திலிருந்து வந்தவனுக்கு யோக்கியதை குறைவு. யார் மீது புகாரோ அவரே கோப்பைத் திறந்து, அவரே குறிப்பு எழுதி, அவரே முடித்து வைக்கிறார் என்பதுதான் உறுத்துகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மனு வந்தால் தன்பதிவேட்டில் ஏறும், ந.க.எண் விழும், எழுத்தர் குறிப்பு வைப்பார், மேலே ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் முடிவு. இந்த முறையிலும் ஓட்டை உண்டு. கிராம நிர்வாக அலுவலர் மீது வந்த மனு, அறிக்கை கேட்டு அவர் கைக்கே போய்ச் சேர்ந்த கதை இல்லாத வட்டம் தமிழ்நாட்டில் இருக்காது. ஆனால் அது தெரியவந்தால் தப்பு என்று எடுத்துச் சொல்ல அங்கே ஓர் இடம் இருக்கிறது. கம்பெனியில் அதுதான் நடைமுறையே.

ஆகவே புகாரை கம்பெனியின் கையிலிருந்து எடுத்து வேறொருவர் கோப்பில் ஏற்றுவதுதான் முதல் வேலை. நியாயம் கிடைப்பது அதற்கு அப்புறம்.

இது நடந்த இடங்கள் இருக்கின்றன. ராப்பிடோ என்ற வாடகை வாகனச் செயலியை இங்கே பலரும் மதுரையிலோ சென்னையிலோ பயன்படுத்தியிருப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வரும், வராவிட்டால் 50 ரூபாய் உங்களுக்கு என்று அந்தக் கம்பெனி விளம்பரம் செய்தது. 120-க்கு மேற்பட்ட நகரங்களில், பல மொழிகளில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அந்த விளம்பரம் ஓடியது. ஆட்டோ வராதவர்களுக்கு 50 ரூபாய் வந்ததா? கொட்டை எழுத்தில் 50 என்று போட்டுவிட்டு, ‘50 வரை’ என்பதைப் படிக்கவே முடியாத பொடி எழுத்தில் வைத்திருந்தார்கள். கிடைத்ததும் பணமாக இல்லை. ராப்பிடோ காசு என்று செயலிக்குள் மட்டும் செல்லும் ஒன்று. அதையும் ஏழு நாளைக்குள், பைக் பயணத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். ஆட்டோவுக்குக் காத்திருந்தவருக்கு பைக் பயணத்தில் தள்ளுபடி. அதுவும் போக, இந்த உத்தரவாதத்தைத் தருவது கம்பெனி அல்ல, அந்தந்த ஓட்டுநர் என்று நிபந்தனையில் எழுதியிருந்தார்கள். ஆட்டோக்காரர் தலையில் கட்டியாயிற்று.

ஐம்பது ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள்? ஒருவரும் போட மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இப்படிப்பட்ட விளம்பரங்கள் பிறக்கின்றன. ஆனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார்கள் சேர்ந்துகொண்டே வந்தன. 2023 ஏப்ரல் முதல் 2024 மே வரை 575. அடுத்து 2025 ஜூலை வரை 1,224. எல்லாம் இந்த விளம்பரம் பற்றியவை அல்ல. கூடுதல் கட்டணம், திரும்பக் கிடைக்காத பணம் என்று கலவையாக இருந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் அந்தக் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி, வாக்களித்த 50 ரூபாய் கிடைக்காதவர்களுக்கு முழுத் தொகையையும் கொடுக்கவும் உத்தரவிட்டது.

10 லட்சம் என்பது அப்பேர்ப்பட்ட கம்பெனிக்கு ஒரு நாள் விளம்பரச் செலவுக்குக் காணுமா என்பது சந்தேகம்தான். ஆனால் தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை அதற்கு மேல் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை; மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். இந்தத் தொகையைக் கம்பெனியின் வரவுசெலவோடு இணைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த உத்தரவில் கனமான பகுதி அபராதம் அல்ல, 50 ரூபாயைத் திருப்பிக் கொடு என்பதுதான். தனி ஆள் கேட்டு வாங்க முடியாத காசை எல்லாருக்கும் சேர்த்துக் கேட்ட கட்டளை அது.

2024 அக்டோபரில் இதே ஆணையம் ஓலா வாடகைக் காருக்கும் ஓர் உத்தரவு போட்டது. பயணம் சரியில்லை என்று பணம் கேட்டவர்களுக்கு அந்தக் கம்பெனி கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த பயணத்துக்கு அதே ஓலாவில்தான் ஏற வேண்டும். பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமா, கூப்பன் வேண்டுமா என்பதைப் பயணியே தேர்ந்துகொள்ள வழி வை, ஒவ்வொரு பயணத்துக்கும் ரசீது கொடு என்றது ஆணையம். ஒரு பொத்தானைச் சேர்க்கச் சொன்ன உத்தரவு, அவ்வளவுதான். அதற்கு முந்தைய பத்து மாதத்துக்குள் 1915-க்கு ஓலா மீது வந்த புகார்கள் 2,061.

கம்பெனி தானே கோப்பை முடிக்கிறது என்றேனே, அது அப்பட்டமாகத் தெரிந்தது ஓலா எலக்ட்ரிக் விஷயத்தில். இந்த ஸ்கூட்டர் நம் மாநிலத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் உள்ள ஆலையில் செய்யப்படுவது. வண்டி என்று பெயர், பாதி மென்பொருள். பழுது பார்க்க நம்மூர் மெக்கானிக்கால் ஆகாது. கம்பெனியின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஓராண்டில் உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் 10,644. அதில் சேவை தாமதம் என்பது மட்டும் 3,389. மத்திய ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனி சொன்ன பதில், புகார்களில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டுவிட்டது என்பது.

இந்தப் பதிலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தின நாள் எந்த அலுவலகத்திலும் நிலுவை இப்படித்தான் கரையும். ஆணையம் அந்தச் சதவீதத்தை வாங்கி வைத்துக்கொண்டு கோப்பை மூடவில்லை. புகார் கொடுத்தவர்கள் சிலரை அதிகாரிகளே தொலைபேசியில் அழைத்து, உங்கள் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டார்கள். தீரவில்லை என்றவர்கள் இருந்தார்கள். அதன்பிறகு ஆணையம் விசாரணைத் தலைமை இயக்குநரிடம் விசாரணையை ஒப்படைத்து ஆவணங்களைக் கேட்டது. அதை எதிர்த்துக் கம்பெனி கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 தொடக்கத்தில் நீதிமன்றம் நோட்டீஸை ரத்து செய்ய மறுத்து, ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லி அவகாசம் மட்டும் தந்தது. புகார்தாரரை போனில் கூப்பிட்டுக் கேட்பது பெரிய வித்தையா என்று தோன்றும். அந்த ஒரு காரியத்தைச் செய்யத்தான் மூன்றாவது ஆள் வேண்டியிருக்கிறது.

மின் ஸ்கூட்டர் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. ஃபேம் இரண்டு என்ற மானியத் திட்டத்தில் ஆலை விலை ஒன்றரை லட்சத்துக்குள் இருந்தால்தான் மானியம் கிடைத்தது. சில கம்பெனிகள் சார்ஜரை வண்டி விலையில் சேர்க்காமல் தனியாக விற்று, அந்த வரம்புக்குள் நின்றுகொண்டன. சார்ஜர் இல்லாமல் மின் வண்டியை வைத்து என்ன செய்வது? மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்துக்குப் புகார் போனது. அமைச்சகம் மானியத்தை நிறுத்திவைத்து விசாரித்தது. 2023 மே மாதம் கம்பெனிகள் சார்ஜர் காசை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஓலா எலக்ட்ரிக் பங்கு மட்டும் ஏறத்தாழ 130 கோடி ரூபாய். வாங்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் காசு போனது தெரியாமலே இருந்தவர்கள். நுகர்வோர் சட்டம் இங்கே வேலை செய்யவில்லை. மானியம் என்ற கயிறு அரசின் கையில் இருந்தது, இழுத்தார்கள், வந்தது. எல்லாக் கம்பெனிக்கும் அப்படிப் பிடி கிடையாது.

டெல்லி சமாசாரம் போதும், நம் மாவட்டமான சிவகங்கைக்கு வருவோம்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் 16, 17 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. நுகர்வோர் பலரைப் பொதுவாகப் பாதிக்கும் உரிமை மீறல், முறையற்ற வணிக நடைமுறை, பொய் விளம்பரம் இவற்றைப் பற்றிய புகாரை மத்திய ஆணையத்துக்கு அனுப்பலாம், அல்லது மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலமோ மின்னணு முறையிலோ கொடுக்கலாம் என்கிறது பதினேழாவது. ஆட்சியர் தம் எல்லைக்குள் அதை விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம் என்கிறது பதினாறாவது. பழைய 1986 சட்டத்தில் ஆட்சியருக்கு இந்த வேலை இல்லை. மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். பட்டா, முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நிற்கிற நாம், சட்டம் பேர் சொல்லி ஆட்சியரிடம் கொடுத்திருக்கிற இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் போவதில்லை.

போனாலும் எப்படிப் போகிறோம்? நான் வேலை பார்த்த ஒரு மாவட்டத்தில் வந்த மனுவைச் சொல்கிறேன். கைபேசியில் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்தது. போட்ட மறுநாள் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்துவிட்டது. உத்தரவாதக் காலம் முடிந்து சில வாரம்தான் ஆகியிருக்கிறது. திரையை மாற்ற கைபேசி விலையில் பாதி கேட்கிறார்கள். நியாயமான குறை. ஆனால் மனுவில் முக்கால் பக்கம், தாம் கூலி வேலை செய்வதும் மகள் கல்லூரியில் படிப்பதும் தவணை இன்னும் முடியாததும். கைபேசி என்ன மாடல், எந்தத் தேதியில் புதுப்பிப்பு, சேவை மையம் கொடுத்த தாள் எங்கே என்பது எதுவும் இல்லை. கடைசி வரி வழக்கம்போல் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’. அந்த மனு மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலருக்கு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது. அங்கிருந்து, தாங்கள் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகிக்கொள்ளலாம் என்று பதில் போனது. கோப்பு முடிந்தது. அடுத்த சில வாரங்களில் அதே கோடு, அதே கம்பெனி, வேறு இரண்டு பேர். தனித்தனி ந.க.எண், தனித்தனிப் பதில். மூன்றையும் ஒரே கோப்பில் கட்டியிருந்தால் அது மூன்று பேரின் தலைவிதியாக இராது. ஒரு புதுப்பிப்பால் பலருக்கு வந்த கேடு என்று பதினாறாம் பிரிவுக்குள் போயிருக்கும்.

அதனால் மனுவின் பொருள் வரியிலேயே, ‘நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17-இன்கீழ்ப் புகார்’ என்று போடுங்கள். வறுமையைச் சுருக்குங்கள், அதிகாரி இரங்குவார், ஆனால் இரக்கத்துக்குச் சட்டப் பிரிவு கிடையாது. ரசீது, தேதி, செயலி காட்டிய விலையும் எடுத்த விலையும் தெரிகிற திரைப்பிடிப்பை அச்செடுத்த தாள், கம்பெனி குறைதீர் அலுவலருக்கு எழுதியது, அவர் பதில். மின்வணிக விதிகள்படி அந்த அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லியாக வேண்டும். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே தனி மீறல், அதையும் எழுதுங்கள். உங்களைப் போல் பாதிக்கப்பட்ட மற்றவர்கள் கையெழுத்தையும் சேருங்கள். கோரிக்கையில் ஆவன செய்ய வேண்டாம். ‘விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பக் கோருகிறோம்’ என்று எழுதுங்கள். நாள்வழியும் பேரேடும் எழுதி, பர்மாவில் கொடுத்த கடனுக்கு இங்கே ஐந்தொகை பார்த்த சீமை இது. தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லித்தர நான் வர வேண்டியதில்லை.

நகலில் தேதி முத்திரை வாங்காமல் மட்டும் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

இனி, அதிகாரியால் ஆகாதது. உங்கள் சொந்த நஷ்டஈட்டை ஆட்சியர் வாங்கித் தர முடியாது. 1915-ம் அப்படித்தான், அவர்கள் தமிழில் பேசுவார்கள், கம்பெனிக்கு அனுப்புவார்கள், கட்டளையிட முடியாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். முன்பு கம்பெனிக்குக் கிளை எங்கே இருக்கிறது, வழக்குக்கான காரணம் எங்கே எழுந்தது என்று பார்த்து பெங்களூருக்கு ஓட வேண்டி வந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை.

கயிறு திரிக்கிறவர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் ஒன்று. இணையத்தில் மோட்டாரோ இயந்திரமோ வாங்கி ஏமாந்தால், நீ வியாபாரத்துக்கு வாங்கினாய், நுகர்வோர் அல்ல என்று கம்பெனி வக்கீல் எழுந்து நிற்பார். சுயதொழிலாகப் பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோரே என்று சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. அந்த விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 1995-ல் அலசியது கோவை பி.எஸ்.ஜி. தொழிலகம் விற்ற ஓர் இயந்திரம் பற்றிய வழக்கில்தான். அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார், அவர் நடத்தியது பெரிய அளவுத் தொழில் என்பதால். ஆனால் ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தானே உட்கார்ந்து திரிக்கிறவருக்கு அது பொருந்தும். இருபது பேரை வைத்து மில் நடத்துகிறவருக்கு வாதிட வேண்டியிருக்கும்.

கைபேசி இணைப்புக் கம்பெனிகள் மீது குறைதீர் மன்றத்துக்குப் போகவே முடியாது என்று 2009 தீர்ப்பு ஒன்றைக் காட்டிப் பல ஆண்டு மனுக்களைத் திருப்பினார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே, போகலாம் என்று தெளிவாக்கிவிட்டது. இன்னும் யாராவது பழைய தீர்ப்பை எடுத்து நீட்டினால் ஏமாறாதீர்கள்.

கடைசியாக, ஆட்சியரிடம் நடக்கிறவர்கள் மறந்துபோகிற ஒன்று. குறைதீர் ஆணையத்தில் புகார் போட இரண்டு ஆண்டு கெடு. குறை எழுந்த நாளிலிருந்து கணக்கு. நீங்கள் மனு கொடுத்ததாலோ, டெல்லியில் விசாரணை நடப்பதாலோ, கம்பெனி ‘பரிசீலிக்கிறோம்’ என்று எழுதிக்கொண்டிருப்பதாலோ அந்தக் கணக்கு நிற்பதில்லை. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், காரணம் சரியாக இருந்தால் மன்னிப்பார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் பதினேழாம் பிரிவில் ஒரு மனு, அதே வாரத்தில் அதே காகிதங்களின் இன்னொரு நகலோடு குறைதீர் ஆணையத்தில் உங்கள் சொந்தப் புகார் என்று இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். சிங்கம்புணரியிலிருந்து திருப்பத்தூர் வழியாக சிவகங்கைக்கு ஒரே பஸ் செலவு.